வரைபடம் போட்டுப் பார்க்கிற பையனுக்கு எதற்கு ரிப்பீட்டர் பேட்ச்?

பிளஸ் டூ படிக்கும் மகன் கோச்சிங் தேர்வுகளில் இயற்பியலில் சறுக்குகிறான், அவன் மாமா 'நுழைவுத் தேர்வை மறுபடி எழுதுகிறவர்களுக்கான ரிப்பீட்டர் பேட்ச்சில் இன்னும் ஒரு வருஷம் போடு, ஐஐடி இல்லாவிட்டால் என்ஐடி' என்கிறார், கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்துவிட்டேன் அம்மா. நகையை வைக்காதீர்கள்.

அதில் ஒரு கணக்கு. நின்றிருந்த ரயில் கிளம்புகிறது, முடுக்கம் 0.8 மீ/வி² இல் தொடங்கி 50 வினாடியில் சீராகக் குறைந்து பூஜ்யமாகிறது, ரயில் போன தூரம் எவ்வளவு? முடுக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் மனப்பாடம் செய்த இயக்கச் சமன்பாடுகள் இங்கே செல்லாது. தம்பி முதலில் முடுக்கத்தை வரைந்து, அந்த முக்கோணத்தின் பரப்பிலிருந்து இறுதி வேகம் 20 மீ/வி என்று எடுத்திருக்கிறான். அப்புறம் 10 வினாடிக்கு ஒருமுறை வேகம் 0, 7.2, 12.8, 16.8, 19.2, 20 என்று புள்ளி வைத்து, வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைப் பட்டை பட்டையாக வெட்டிக் கூட்டி 660 மீட்டர் என்கிறான். ஓரத்தில், 'நேர்கோடாக இருந்தால் 500தான், கோடு மேலே உப்பியிருக்கிறது, அதனால் கூடத்தான் வரும்' என்று ஒரு குறிப்பு. தொகையிட்டால் சரியான விடை 667. ஆனால் இதிலேயே நேரம் போய், பின்னால் இருந்த கேள்விகளை அவன் தொடவே இல்லை. நுழைவுத் தேர்வுக்கு வேண்டியது வேகம். இவனிடம் இருப்பது நிதானம், அதை ஒரு வருஷம் கோச்சிங் அனுப்பி மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பி.இ., கலைக் கல்லூரி பற்றியெல்லாம் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் இருக்கிறது. யாரும் சொல்லாத ஒன்று: ரயில்வேயில் உதவி லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர். வேகம் கூடக் கூட என்ஜினின் இழுவிசை குறையும், அதனால் அந்தக் கணக்கில் வந்த வளைகோடு அங்கே நிஜம். என்ஜினில் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது; அந்தப் பதிவை வரைபடமாக எடுத்து, ஓட்டுநர் எங்கே பிரேக் போட்டார், வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் குறைத்தாரா என்று ஓட்டுநர்களை மேற்பார்க்கும் லோகோ இன்ஸ்பெக்டர் பார்ப்பார்.

வழி இதுதான். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பிளஸ் டூ மாணவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல், அதுவும் அரசு பாலிடெக்னிக்தான், தனியார் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பிறகு ரயில்வே தேர்வு வாரியத்தின் இரண்டு கணினித் தேர்வுகள், அதன்மேல் ஒரு திறனறித் தேர்வு. ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். ரயிலில் ஓடும் வேலைக்குத் தரும் ஓட்டப் படி தனி. இரவு ஓட்டம், தீபாவளியன்று டியூட்டி எல்லாம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். போட்டியும் கடுமை, கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டாலும் டிப்ளமோ கையில் இருக்கும், அதை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

மாமா 'டிரைவர் வேலையா?' என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும், வட்டி கட்டப் போவது அவரில்லை. நீங்கள் தம்பியிடம் கேளுங்கள். சரி என்றால், விண்ணப்பம் வாங்கும் முன் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்: கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறக்குருடு கூடாது, பார்வையைச் சரிசெய்யும் லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.