சிறிய சொகுசுக் கப்பலில் பழுது வந்தால்: இன்ஜின் ரூமிலிருந்து பதில்கள்

இருபத்திரண்டு வருடம் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தேன். முதலில் சரக்குக் கப்பல்கள். கடைசி ஒன்பது வருடம் இருநூறு, முந்நூறு பயணிகள் மட்டும் ஏறும் சிறிய சொகுசுக் கப்பல்களில் செகண்ட் இன்ஜினியர். மத்தியதரைக் கடல், செங்கடல், நார்வே கரை என்று சுற்றியிருக்கிறேன். இந்தக் கப்பல்களின் பழுது, பயணிகள் கவனிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

சார், எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் சிறிய கப்பலில் போக நினைக்கிறோம். ஆகஸ்டில் ஏசி நின்றுவிட்டால் என்ன செய்வது? அவ்வளவு பணம் கட்டிவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

அம்மா, கோடையில் சிறிய கப்பல்களில் அதிகம் வரும் புகாரே இதுதான். வீட்டு ஏசி தன் சூட்டை வெளிக்காற்றில் விடும். கப்பல் ஏசி கடல் நீரில் விடும். அடித்தளத்தில் சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரை ஏழு டிகிரி வாக்கில் குளிரவைத்துக் குழாய் வழியாக மேல் தளங்களுக்கு அனுப்புகிறது. அந்தச் சில்லரின் சூட்டை எடுக்கக் கடல் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

ஒரு ஜூலை மாதம் துருக்கிக் கரையோரம் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு சில்லரும் அடுத்தடுத்து நின்றன. கடல் நீர் வரும் வழியில் உள்ள வடிகட்டியைத் திறந்தால் முழுக்க ஜெல்லி மீன். நம் ஊர் மீனவர்கள் சொறி என்பார்களே, அதுதான். கிழக்கு மத்தியதரைக் கடலில் கோடையில் அது கூட்டம் கூட்டமாக வரும். இஸ்ரேல் கரையில் மின் நிலையங்களின் குளிர்நீர்க் குழாயையே அடைத்திருக்கிறது. நாங்கள் வாளி வாளியாக அள்ளிப் போட்டோம். இருபது நிமிடத்தில் மறுபடி நிறைந்துவிட்டது.

அன்று நடந்த தவறு கீழே இல்லை, மேலே. "இன்னும் அரை மணி நேரத்தில் சரியாகும்" என்று மூன்று தடவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மூன்று தடவையும் பொய்யானது. வெயிலைத் தாங்கியவர்கள்கூட அதைத் தாங்கவில்லை. ஐந்து மணிக்கு கேப்டன் நேரில் வந்து, காரணம் இது, நங்கூரத்தை எடுத்து ஆழ்கடலுக்குப் போகிறோம், கேபின் குளிர இரவு ஒன்பது ஆகும், சாப்பாடு திறந்த தளத்தில் என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் கோபப்படவில்லை. ஒன்பதரைக்குக் குளிர்ந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஏசி மந்தமானால் பால்கனிக் கதவைத் திறக்காதீர்கள். ஈரக்காற்று உள்ளே வந்து கூரையில் நீர் கோத்துச் சொட்டும், அறை குளிர இன்னும் நேரமாகும். திரைச்சீலையை இழுத்து மூடிவையுங்கள். உங்கள் அறை மட்டுமா, தளம் முழுக்கவா என்று கேபின் ஸ்டூவர்டிடம் கேளுங்கள். உங்கள் அறை மட்டும் என்றால் பெரும்பாலும் அறைக்குள் காற்றைத் தள்ளும் விசிறியோ சிறு வால்வோதான், ஏசி மெக்கானிக் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். தளம் முழுக்க என்றால் நேரத்தைக் கேட்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். காரணம் தெரிந்தவர் சொல்லும் நேரம்தான் நம்பக்கூடியது.

அண்ணா, இரண்டு இன்ஜினில் ஒன்று பழுது என்று ஒரு துறைமுகத்தையே ரத்து செய்துவிட்டார்கள். ஒன்று ஓடுகிறதே, மெதுவாகப் போனால் என்ன?

தம்பி, மெதுவாகத்தான் போயிருப்பார்கள். வேகத்துக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் பாதி சக்தி போனால் வேகம் பாதியாகாது, சுமார் பத்தில் எட்டுப் பங்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் ஓடும் கப்பல் 12 நாட் ஓடும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 180 கடல் மைல் தூரத்தை 15 நாட் வேகத்தில் 12 மணி நேரத்தில் கடக்கலாம், 12 நாட் வேகத்தில் 15 மணி நேரமாகும். காலை எட்டுக்குச் சேர வேண்டியவர் பதினொன்றுக்குச் சேருவார். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டும் படகுத்துறை இடமும் எட்டு மணிக்குப் பேசி வைத்தவை. மாலை ஐந்துக்குக் கிளம்பினாலும் அடுத்த ஊருக்கு மறுபடி தாமதம். ஒரு துறைமுகத்தை விட்டால் மற்ற மூன்றும் பிழைக்கும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் விடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இன்ஜினோடு குறுகிய துறைமுகத்துக்குள் நுழையும்போது அதுவும் நின்றுவிட்டால் காற்று கப்பலைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்திவிடும். நல்ல கேப்டன் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்.

நடுக்கடலில் இரவு முழுக் கப்பலும் இருட்டானால்? கேட்கவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி குறையும். விளக்கு போன உடனே பேட்டரியில் அவசர விளக்குகள் எரியும். கப்பலின் மேல்பகுதியில், இன்ஜின் ரூமுக்குச் சம்பந்தமில்லாத தனி இடத்தில் அவசர ஜெனரேட்டர் இருக்கிறது. அது 45 வினாடிக்குள் தானாக ஓட வேண்டும், பயணிகள் கப்பலில் 36 மணி நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசப் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. ஆனால் அது ஏசிக்கும் சமையலறைக்கும் அல்ல. அவசர விளக்கு, ரேடியோ, தீயணைப்பு பம்ப், சுக்கான் போன்றவற்றுக்கு மட்டும். பெரும்பாலும் கீழே ஒரு ஜெனரேட்டர் நின்றால் தயாராக இருக்கும் இன்னொன்று தானாக ஓடி, சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆகாத சம்பவங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். 2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரயம்ஃப் என்ற பெரிய கப்பலில் ஜெனரேட்டரின் எரிபொருள் குழாய் கசிந்து தீப்பிடித்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மெக்சிகோ வளைகுடாவில் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் தவித்தார்கள். 2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விக்கா கடற்பகுதியில் புயலில் வைக்கிங் ஸ்கை இருளில் மூழ்கியது. லூப் ஆயில் என்ற மசகு எண்ணெயின் மட்டம் குறைவாக இருந்தது, அலையில் கப்பல் ஆட ஆட பம்ப் எண்ணெயை இழுக்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்கள் நின்றுவிட்டன. நான்கில் ஒன்று ஏற்கெனவே பழுதாகி நின்ற நிலையில்தான் புறப்பட்டிருந்தது. கப்பலில் 1,373 பேர். அவர்களில் ஏறத்தாழ 480 பேரை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். நங்கூரம் பிடிக்கவில்லை. கரைக்கு மிக அருகே போன பிறகு இன்ஜின் மறுபடி ஓடியதால்தான் பாறையில் மோதவில்லை. "ஒன்றுதானே நிற்கிறது, மூன்று இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வரும்.

சிறிய கப்பலில் ஏறுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஒரு பகுதி தீயிலோ வெள்ளத்திலோ போனாலும் மீதியை வைத்துத் துறைமுகம் திரும்பும்படி கட்ட வேண்டும் என்ற விதி 2010 ஜூலை 1 முதல் கட்டத் தொடங்கிய கப்பல்களுக்குத்தான் பொருந்தும். அதிலும் 120 மீட்டர் நீளமோ மூன்று முதன்மைத் தீத்தடுப்புப் பகுதிகளோ இருந்தால்தான். பல சிறிய கப்பல்கள் அந்த வரம்புக்குள் வராது. முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். உங்கள் அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று கையால் தொட்டு எண்ணிவையுங்கள்.

பக்கத்து அறையில் யாரோ எதையோ போட்டதற்கு எங்கள் கழிவறையும் வேலை செய்யவில்லை என்றார்கள். அப்படியும் உண்டா?

உண்டு. கப்பல் கழிவறை வெற்றிட உறிஞ்சலில் ஓடுகிறது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவு தண்ணீர் போதும். ஒரு குழாய் வரிசையில் பல அறைகள் சேர்ந்திருக்கும். ஓர் அறையில் வால்வு திறந்தபடி சிக்கினால் அந்த வரிசை முழுக்க வெற்றிடம் போய்விடும். எந்த அறை என்று கண்டுபிடிப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. பிளம்பர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உஸ்ஸென்ற சத்தம் எங்கே கேட்கிறது என்று காது வைத்துப் பார்ப்பார். இரவு இரண்டு மணிக்கு யாராவது தட்டினால் கோபப்படாமல் திறங்கள். ஈரத்துடைப்புத் தாள், பஞ்சு, பல் இடுக்கு நூல் எதையும் உள்ளே போடாதீர்கள். "கரையும்" என்று உறையில் எழுதியிருந்தாலும் போடாதீர்கள்.

உதிரிபாகம் வர நான்கு நாள் ஆனது. இவ்வளவு விலை வாங்கும் கப்பலில் கையில் வைத்திருக்க மாட்டார்களா?

பிஸ்டன், லைனர், இன்ஜெக்டர், பம்ப் சீல், பேரிங் எல்லாம் வைத்திருப்போம். இடம்தான் பிரச்சினை. இருநூறு பேர் கப்பலில் ஸ்டோர் அறை உங்கள் வீட்டு வரவேற்பறை அளவுதான். பெரிய மோட்டார், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டரின் கியர் போன்றவை கரையில்தான் இருக்கும். அது தொழிற்சாலையிலிருந்து விமானத்தில் வந்து, சுங்கம் தாண்டி, ஏஜென்ட் கையில் ஏறி, நாங்கள் நிற்கும் ஊருக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் தீவில் நின்றால் முடிந்தது கதை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம் என்றால் மாட்டிய பிறகு, கப்பலைப் பரிசோதித்துச் சான்று தரும் கிளாஸ் நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அதுவரை கப்பலைத் தாங்குபவர் ஃபிட்டர். ஒரு லேத், ஒரு வெல்டிங் செட். அதை வைத்து ஷாஃப்ட்டைக் கடைந்து, பழைய பித்தளைத் துண்டில் புஷ் என்ற உள்வளையம் செய்து, மறுநாள் காலை பம்பை ஓடவிட்ட மனிதர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த உண்மையான சொகுசு அதுதான்.

பழைய கப்பலில் ஏறலாமா?

வயதைப் பார்க்காதீர்கள், கடைசியாக எப்போது உலர்துறை (தண்ணீரை வடித்துப் பழுது பார்க்கும் தளம்) ஏறியது, அங்கே என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு முறை உலர்துறையில் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் ஸ்டார் பிரைட், ஸ்டார் பிரீஸ், ஸ்டார் லெஜண்ட் மூன்றும் 1988க்கும் 1992க்கும் இடையே வந்தவை. அவற்றை இத்தாலியில் பலெர்மோ கப்பல் தளத்தில் நடுவில் வெட்டி, 25.6 மீட்டர் புதுப்பகுதியை இடையில் வைத்து ஒட்டி, இன்ஜின்களையும் மாற்றினார்கள். 212 பேர் ஏறிய கப்பலில் 312 பேர் ஏறலாம் என்றானது. கம்பளமும் சோபாவும் மட்டும் மாற்றிவிட்டுப் புதுப்பித்தோம் என்பவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

பழுதால் பயணம் பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா?

டிரயம்ஃப் சம்பவத்துக்குப் பிறகு 2013 மே மாதம் கிளியா என்ற கப்பல் நிறுவனங்களின் சங்கம் பயணிகள் உரிமைப் பட்டியல் ஒன்றை ஏற்றது. இயந்திரப் பழுதால் பயணம் ரத்தானால் முழுப்பணம், பாதியில் முடிந்தால் ஒரு பகுதி, திட்டமிட்ட ஊருக்கோ உங்கள் ஊருக்கோ பயண ஏற்பாடு, இடையில் தங்க வேண்டியிருந்தால் தங்குமிடம் என்று அதில் இருக்கிறது. உங்கள் நிறுவனம் உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். ஒரு துறைமுகத்தை மட்டும் விட்டால் இது பொருந்தாது, டிக்கெட் ஒப்பந்தம்தான் பேசும். கரைச் சுற்றுலாவைக் கப்பல் வழியாகவே பதிவு செய்திருந்தால் பணம் சிக்கலில்லாமல் திரும்பும், தனியாகப் பதிந்தால் அலைச்சல்.

சத்தமில்லாத அறை எது, சார்?

நடுப்பகுதி, கீழ்த்தளம். முன்பக்கம் என்றால் காலை ஆறு மணிக்கு பௌ த்ரஸ்டர் பாறை உடைப்பதுபோல் உறுமும். பின்பக்கம் புரொப்பெல்லர் அதிர்வு. நடுவில் ஆட்டமும் குறைவு.

நான் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். சொகுசுக் கப்பல் வேலைக்கு மூன்று லட்சம் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா அண்ணா?

கட்டாதே தம்பி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015ல் அதில் சேர்ந்தது. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் உன்னுடையது. இந்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங்கின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று அவர்களின் இணையதளத்தில் சரிபார். உனக்கு வழி ஜிஎம்இ என்ற, பட்டதாரிகளுக்கான ஒரு வருடக் கப்பல் இன்ஜினியர் பயிற்சி, அப்புறம் சரக்குக் கப்பலில் ஏறி கிளாஸ் 4 என்ற இன்ஜினியர் தகுதித் தேர்வு. பயணிகள் கப்பலுக்குப் பிறகு வரலாம். சரக்குக் கப்பலில் கற்றுக்கொண்டு வருபவனுக்கு அங்கே மரியாதை அதிகம்.

நாங்கள் கொடுக்கும் டிப்ஸ் இன்ஜின் ரூமில் இருப்பவர்களுக்கும் போகுமா?

நான் இருந்த கப்பல்களில் போகவில்லை. அதை நாங்கள் எதிர்பார்த்ததும் இல்லை. உங்கள் அறைக்கு வந்த பிளம்பர், ஏசி மெக்கானிக் பெயரைக் கேட்டு, கடைசி நாள் தரும் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அவருடைய அடுத்த ஒப்பந்தம் பேசும்போது மேலதிகாரி அதைப் பார்ப்பார். ஜெல்லி மீன் நாளுக்கு அடுத்த வாரம் ஒரு வயதான அம்மா எங்கள் இன்ஜின் ரூம் ஊழியர்களான மோட்டார்மேன் இருவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொடுத்த தாள், நான் இறங்கும்வரை கண்ட்ரோல் ரூம் பலகையில் குத்தியபடி இருந்தது.