'வைல்ட் வைல்ட் கன்ட்ரி' பார்த்து முடித்தேன். யாரை நம்புவது என்றே தெரியவில்லை. எப்படிப் புரிந்துகொள்வது?

தப்பு உங்கள்மேல் இல்லை, தொடரின் படத்தொகுப்பே அப்படி. வே சகோதரர்கள் 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்ட, சாமியார் ரஜனீஷ் (பிற்பாடு ஓஷோ) கூட்டம் அமெரிக்காவில் குடியேறியதைப் பற்றிய இந்த ஆறு பாக ஆவணத் தொடரில் கதைசொல்லியின் குரல் கிடையாது. 80களின் செய்திக் காட்சிகளும், முப்பது வருஷம் கழித்து எடுத்த பேட்டிகளும் மாறி மாறி வரும். இடையில் புகுந்து "இது பொய்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே, நன்றாகப் பேசுகிறவர் பக்கம் மனசு சாய்ந்துவிடும். ரஜனீஷின் செயலாளராக இருந்த ஷீலா பிரமாதமாகப் பேசுவார்.

பேச்சை ஒதுக்கிவிட்டு, முதலில் நிலத்தைப் பாருங்கள். 1981இல் ரஜனீஷின் ஆட்கள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சுமார் 64,000 ஏக்கர் பண்ணையை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அது விவசாய நிலம். ஒரிகனின் 1973ஆம் வருஷத்து நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி அங்கே இஷ்டத்துக்கு வீடு கட்ட முடியாது. ஆயிரக்கணக்கானோர் குடியேற வேண்டுமென்றால், பண்ணைக்குள்ளேயே சட்டப்படி ஒரு நகரத்தை அமைக்க வேண்டும். அமைத்தார்கள், உடனே வழக்கு வந்தது. அது இழுபறியானதால்தான், ஏற்கெனவே நகர அந்தஸ்து இருந்த ஆன்டிலோப் என்ற குட்டி ஊருக்குள் நுழைந்து, 1982 தேர்தலில் ஊர் மன்றத்தையே பிடித்தார்கள். உள்ளூர்க்காரர்களிடம் மதத் துவேஷம் இருந்தது உண்மை, காட்சிகளிலேயே தெரிகிறது. ஆனால் சண்டையின் வேர் இந்தக் கட்டட அனுமதிதான். தொடர் இதை அவசரமாகக் கடந்துபோகிறது.

அடுத்தது சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. 1984 செப்டம்பர், அக்டோபரில் தி டேல்ஸ் ஊரில் 10 உணவகங்களில் சாப்பிட்ட 751 பேருக்கு வயிற்றுப்போக்கு. 45 பேர் மருத்துவமனையில். கிருமியை சாலட் மேசையிலும் அதற்கு ஊற்றும் டிரெஸ்ஸிங்கிலும் கலந்திருந்தவர்கள் ரஜனீஷின் ஆட்கள். நவம்பரில், அந்த ஊர் இருந்த வாஸ்கோ கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல். மற்ற வாக்காளர்களைப் படுக்கையில் தள்ளிவிட்டால் ஜெயிக்கலாம் என்பது கணக்கு. இது தேர்தல் நாளுக்கான வெறும் ஒத்திகை.

சுகாதாரத் துறை முதலில் கோட்டைவிட்டது. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான சப்ளையர் இல்லை, தண்ணீரிலும் கோளாறு இல்லை, சமையல் ஊழியர்களுக்கும் நோய் இருந்தது. ஆகவே 'ஊழியர்கள் கை சுத்தமில்லை' என்று முடித்துவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, 1985 செப்டம்பரில், ரஜனீஷே ஷீலா கோஷ்டிமேல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டிய பிறகுதான் பண்ணையில் சோதனை. அங்கிருந்த ஆய்வகத்தில் கிடைத்த குப்பியில் இருந்த கிருமியும் நோயாளிகளிடம் எடுத்த கிருமியும் ஒரே ரகம். அதுவும் பரிசோதனைக்கூடப் பொருள் விற்கும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியது. ஷீலா பேட்டியில் எதைச் சொல்லி நழுவினாலும் இந்தக் குப்பியை மறக்காதீர்கள். நீதிமன்றத்தில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. 29 மாதம் சிறையில் இருந்தார்.

தொடரின் பெரிய ஓட்டை, கம்யூனில் (சீடர்கள் கூடி வாழ்ந்த குடியிருப்பில்) வளர்ந்த குழந்தைகள். அவர்கள் பட்டதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரிகனுக்கு முந்தைய புனே ஆசிரமக் காலத்து மனச் சிகிச்சைக் குழுக்களில் நடந்த அடிதடியும் மேலோட்டமாகத்தான் வரும்.

ரஜனீஷுக்கு விஷ விவகாரம் தெரியுமா என்பதற்கு இதில் விடை தேட வேண்டாம். அந்த வழக்கே அவர்மேல் போடப்படவில்லை. குடியேற்ற மோசடிக் குற்றச்சாட்டு இரண்டில் சமரசம் செய்துகொண்டு, 4 லட்சம் டாலர் அபராதம் கட்டி, 1985 நவம்பரில் விமானம் ஏறிவிட்டார்.