மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் திறனையும் கணக்கிடுவது எப்படி?

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் உள்ள இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கிறது என்றும், அதன் மின்தடையையும் திறனையும் கணக்கிடும் முறை தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இஸ்திரிப்பெட்டியின் கணக்கு எளிது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 46 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் 1150 வாட், அதாவது இடைவிடாமல் ஒரு மணி நேரம் சூடேறினால் 1.15 யூனிட். (இது சூடான நிலையில் உள்ள மின்தடை, ஆறிய பெட்டியை மல்டிமீட்டரில் அளந்தால் சற்றுக் குறைவாகவே காட்டும்.) மாலையில் அழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால், மின்தடை ஏறத்தாழ மாறாமல் இருப்பதால் மின்னோட்டமும் சேர்ந்து குறைந்து, திறன் சுமார் 870 வாட்டுக்கு வந்துவிடும், 13 விழுக்காடு அழுத்தக் குறைவு 24 விழுக்காடு திறனைப் பறிப்பதற்கு, திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதே காரணம்.

மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், பெருக்கி வரும் 1380 என்பது வோல்ட்-ஆம்பியர்தான், வாட் அன்று. அதைத் திறன் காரணியால் (வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மைத் திறனாகிறது என்று சொல்லும் எண்), 0.8 என்று கொண்டால், பெருக்கும்போதே 1104 வாட் என்ற உண்மைத் திறன் கிடைக்கும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவதும் காயிலின் மின்தடை அன்று. காயிலின் மின்தடையை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரில்தான் அளக்க வேண்டும்.