கச்சான் எண்டு தேடினா காத்தும் வருது!

கேள்வி: அப்பாட கச்சான் தோட்டத்தில இலையெல்லாம் புள்ளி விழுந்திட்டு. போன்ல கச்சான் எண்டு தேடினா கச்சான் காத்து, வறுத்த கச்சான் எல்லாம் கலந்து வருது. பல கம்ப்யூட்டர் சேந்து தேடுற முறை இருக்காமே, அதில இது சரிவருமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நல்ல கேள்வி மகள். பல கம்ப்யூட்டர் சேந்து தேடுறதெண்டா ஒரு கம்பனிர கையில எல்லாம் இல்லாம எந்தச் சொல்லு எந்தப் பக்கத்தில இருக்கு எண்ட அட்டவணைய ஆளுக்குக் கொஞ்சமா வச்சிருப்பாங்க, 2003ல தொடங்கின யாசி (YaCy) எண்ட தேடுபொறி அப்பிடித்தான் ஓடுது. ஆனா அதில அட்டவணைய சொல்லுச் சொல்லாத்தான் பிரிச்சிருக்கு, அப்ப கச்சான் எண்ட சொல்லுக்குப் பொறுப்பான கம்ப்யூட்டர்ல காத்தும் கடலையும் ஒண்டாத்தான் கிடக்கும். சரி, எல்லா கம்ப்யூட்டரிட்டயும் கேப்பமெண்டா, மீன் வாங்கப் போன ஆள் சந்தையில புடவைக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் ஏறி இறங்கின மாதிரி, நேரம்தான் போகும்.

அதுக்குத்தான் வெப்சைட்டுகள முதலே கருத்துவாரியா பிரிச்சு வைக்கிறது. இது பயிர், இது காலநிலை, இது சமையல் எண்டு அடையாளம் இருந்தா உங்கட கேள்வி பயிர்ப் பக்கம் வச்சிருக்கிற நாலஞ்சு கம்ப்யூட்டருக்கு மட்டும் போகும். இந்தியாவில நிலக்கடலை, வேர்க்கடலை எண்டு எழுதினதும் அதே கருத்துக்குள்ள வந்திரும், எனக்கு இதுதான் பெரிய விசயமாப் படுது, நம்மட சொல்லு வேற எண்டதால நம்மட ஆக்களுக்குக் கிடைக்காமப் போற விவரம் கொஞ்சமா?

ஒரு பயமும் இருக்கு. பிழையான பெட்டிக்குள்ள போட்டா அந்தப் பக்கத்த ஒருத்தரும் காணமாட்டாங்க. அதால ஒரு சைட்டுக்கு ரெண்டு மூண்டு அடையாளம் குடுக்கணும். சீர்காழில பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1933லயே நூலகத்துக்கு அப்பிடித்தான் யோசிச்சார், ஒரு புத்தகத்த ஒரே தலைப்புக்குள்ள அடைக்காம பொருள், செயல், இடம், காலம் எண்டு பல பக்கத்தாலயும் பாத்தார். கையால பிரிக்கிறதும் லேசில்ல, 1998ல தொடங்கி தொண்டர்கள் சேந்து வெப்சைட்டுகளப் பிரிச்சு வச்ச டிமோஸ் (DMOZ) எண்ட பட்டியல 2017ல மூடிட்டாங்க. இப்ப மெசின் பிரிக்குது, ஆனா கச்சான் காத்தும் கச்சான் கொட்டையும் வேற வேற எண்டு அதுக்கு நம்மட ஆக்கள்தான் சொல்லிக் குடுக்கணும், நூலகத்தில வேலை செய்ற பிள்ளைகள் இதில இறங்கினா எவ்வளவு நல்லம்.

இப்போதைக்கு 'நிலக்கடலை இலைப்புள்ளி' எண்டு அடிச்சுப் பாருங்க மகள். புள்ளி விழுந்த இலை ரெண்டு மூண்டப் பறிச்சு விவசாயப் போதனாசிரியரிட்டயும் காட்டுங்க.