கருத்தரிப்பதற்கு முன்பு தாயின் உடல்நலம் எப்படி இருந்தது என்பது பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்குமா?

உங்களுக்கு 26 வயது என்றும், வரும் தையில் திருமணம் என்றும், கருவுற்ற பிறகு மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். கிராம சுகாதார செவிலியராக 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஏன் போதாது என்பதற்கான நாள்கணக்கை, பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நானே சரியாகப் புரிந்துகொண்டேன்.

மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் பெண்ணுக்கு ஏறத்தாழ 14ஆம் நாளில் கரு உண்டாகிறது. ஆகவே நாள் தள்ளிப்போனது தெரியவரும்போதே கருவுக்கு இரண்டு வார வயது ஆகியிருக்கும். பிற்பாடு மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் உருவெடுக்கப்போகிற நரம்புக்குழாய், கரு உண்டான 28ஆம் நாள் வாக்கில் மூடிக்கொள்கிறது; அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். நம் வீடுகளிலோ "நாற்பத்தைந்து நாள் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் வழக்கம். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 42ஆம் நாளிலேயே அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றுபோயிருக்கும். நான் பதிவு செய்த கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் எட்டு, பத்து வாரத்தில்தான் என் கண்ணிலேயே பட்டார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டால் எங்கள் பதிவேட்டில் அது 'முன்கூட்டிய பதிவு'; கருவைப் பொறுத்தவரை, முக்கிய உறுப்புகளுக்கெல்லாம் அடித்தளம் போட்டு முடிந்த பிறகு வந்து சேர்ந்த பதிவு.

அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின் எவ்வளவு தேவை என்பதில் இன்று ஐயம் இல்லை. ஏற்கெனவே அந்தக் குழாய் மூடாத குறையுள்ள பிள்ளையைச் சுமந்த பெண்களைக் கொண்டு ஏழு நாடுகளில் நடத்தப்பட்டு, 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில், கருவுறுவதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட முன்வரலாறு இல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் உடலில் அதன் இருப்பு உயரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். கீரையிலேயே இந்தச் சத்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1941இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்ததனால்தான், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு இதற்குப் பெயரே வைத்தார்கள். ஆனால் நாம் கீரையைக் குழைய வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் விதத்தில் பாதிக்குமேல் போய்விடலாம். ஆகவே கீரையையும் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

நீங்கள் சைவ உணவு மட்டும் உண்பவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புனே அருகே உள்ள கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் தாய்மார்களையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின்போது ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். ஒரு சத்தை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்தால் போதாது என்று நான் கற்றது அதிலிருந்துதான்.

இரத்தசோகையைப் பற்றி நான் சற்று நீட்டித்தான் பேசுவேன், ஏனெனில் அதில் நானே அடிபட்டவள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஊரெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நான் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தபோது என் ஹீமோகுளோபின் 7.6. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. மாத்திரையை நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறோம். அதற்கு முந்தைய மூன்று மாதமும் மசக்கையில் சோறே தங்காது. கையிருப்பு இல்லாமல் குடித்தனம் தொடங்குகிறவள் நிலைமைதான் அது. பிள்ளையோ பிறந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்குத் தேவையான இரும்பின் பெரும்பகுதியைக் கருப்பையிலேயே சேர்த்துக்கொள்கிறது, அதை மூளையின் நரம்புகளுக்கு உறை போடுவதற்கும் பயன்படுத்துகிறது. எனக்குப் பிறந்தவன் 2.1 கிலோ இருந்தான். இரண்டாவது பிள்ளைக்கு நான்கு மாதம் முன்பிருந்தே மாத்திரை சாப்பிட்டேன், ஹீமோகுளோபின் 11.8, பிள்ளை 2.9 கிலோ. இரண்டு பிரசவங்களை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, மூத்தவன் இன்று என்னைவிட ஓர் அடி உயரம். இருந்தாலும் அந்த முதல் ஆறு மாதம் அவனுக்கு வந்த சளியும் காய்ச்சலும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாத்திரையைக் காப்பியோடும் தேநீரோடும் விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம்.

உணவை முன்கூட்டியே சரிசெய்தால் பலன் உண்டா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்தது. முடிவுகள் 2014இல் வெளியாயின. கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டியை, கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களுக்கு நாள்தோறும் கொடுத்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பிள்ளைகளின் எடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை; ஆனால் கருவுறுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தவர்களின் பிள்ளைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. மிகவும் மெலிந்த பெண்களுக்கு அந்தப் பலனும் கிட்டவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் மதிப்பே அந்த நேர்மையில்தான் இருக்கிறது: ஆண்டுக்கணக்கில் வற்றிய உடலை மூன்று மாதச் சிற்றுண்டி தேற்றிவிடாது. திருமணம் நிச்சயமானதும் புடவைக்குப் பொருந்த வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பெண்களிடம் இதைத்தான் சொல்லிவந்தேன்.

சர்க்கரை இருப்பவர்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் (HbA1c) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருவுறுவது நல்லது. முதல் வாரங்களில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இதயக் குறைபாடுகள் கூடுகின்றன. தைராய்டு குறைவாக இருந்தால் அதையும் முன்பே சரிசெய்ய வேண்டும், ஏனெனில் முதல் மூன்று மாதத்தில் கருவின் மூளை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல், ஆனால் கருவுறுவதற்கு முன்பே, நரம்பியல் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்க வேண்டும். அந்த மருந்து பிள்ளையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஏற்கெனவே பிள்ளை பெற்ற யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். இவை வாய்ப்பைக் கூட்டுகிற, குறைக்கிற காரணங்கள்தாம். பிள்ளைக்கு ஏதாவது என்றால் மருமகளின் உடம்பைக் குறை சொல்லும் மாமியார்களுக்கும் இதே பதில்தான். புகையும் குடியும் விந்தணுவையும் கெடுக்கின்றன. ஒரு விந்தணு முதிர இரண்டரை மாதத்துக்கு மேலாகும். ஆகவே உங்களவரும் இப்போதே தொடங்கட்டும்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் போட்டோம். உங்கள் வயதைப் பார்த்தால் விடுபட்டிருக்கலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும். கருவுற்ற பிறகு இந்த ஊசியைப் போடவும் முடியாது. போட்டுக்கொண்ட பின் ஒரு மாதம் கருவுறாமல் இருக்க வேண்டும் என்பதால், அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கிற வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.