யாகர் எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். பிள்ளைகளால் ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகியவன். செக் நாட்டு வீரர் யாரோமிர் யாகரைப் பற்றி வீட்டில் ஒரு வாக்குவாதம். 2017 கோடையில் ஃப்ளோரிடா பேந்தர்ஸ் அணி அவரை விட்டபோதே ஓய்வை அறிவித்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. கல்கரி அணிக்குப் போய், நான்கு மாதம் முடிவதற்குள் திருப்பி அனுப்பப்பட்டது அவருக்குத் தேவைதானா? என் மகள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகள் கட்சி.

ஃப்ளோரிடாவில் ஆடிய கடைசி சீசனில் யாகருக்கு வயது 45. மொத்தம் 82 ஆட்டங்கள், ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. 16 கோல், 30 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழிசெய்த பாஸ்). அதற்கு முந்தைய சீசனில் கோலும் அசிஸ்டும் சேர்த்து 66 புள்ளிகளோடு அணியிலேயே முதலிடம். பார்கோவ், ஹூபர்டோ என்ற இரண்டு இளைஞர்களோடு ஒரே வரிசையில், அதாவது ஒன்றாகக் களமிறங்கும் மூவர் தாக்குதல் குழுவில், ஆடினார். அவர்கள் பிறப்பதற்கு முன்பே, 1991-லும் 1992-லும், பிட்ஸ்பர்க்குக்காக என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர்! இப்படிப்பட்ட ஒருவர் அந்தக் கோடையில் ‘இன்றோடு முடிந்தது’ என்று நினைக்க என்ன காரணம் இருந்தது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, பிறகு ஏன் அக்டோபர் வரை யாரும் கூப்பிடவில்லை? பணம் காரணம் என்று நான் நம்பவில்லை. அந்த வருடம் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 75 மில்லியன் டாலர். கல்கரியில் அவர் ஒப்புக்கொண்ட அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியன். சிக்கல் இடத்தில்தான். சாதாரண மூத்த வீரரை நான்காவது வரிசையில் போட்டு, ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் ஆடவைக்கலாம். அங்கே வேலை ஓடித் துரத்துவதும் மோதுவதும். யாகரின் ஆட்டம் வேறு. பக்கச்சுவர் ஓரம் முதுகைக் கொடுத்து, பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) தன் நீண்ட மட்டைக்குள் வைத்துக்கொண்டு, எதிரி இருவர் முட்டினாலும் விடாமல், சக ஆட்டக்காரன் காலியான இடத்துக்கு வரும்வரை நிற்பார். அதற்கு முதல் இரண்டு வரிசைகளில் இடம் வேண்டும், பவர்ப்ளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) இடம் வேண்டும். அந்த இடங்களை எல்லா அணிகளும் இருபதுகளில் இருக்கும் பையன்களுக்கு என்று வைத்திருந்தன. ஆட்டத்தின் வேகமும் அப்போது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டிருந்தது.

கல்கரியில் நடந்ததைப் பாருங்கள். பயிற்சி முகாம் முடிந்தபின் அக்டோபரில்தான் ஒப்பந்தம். அந்த வயதில் முகாம் இல்லாமல் இறங்குவது சின்ன விஷயமா? கால் காயங்கள் வந்தன. 22 ஆட்டங்கள், ஒரு கோல், ஆறு அசிஸ்ட். ஜனவரி இறுதியில் அனுப்பிவிட்டார்கள். கல்கரியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இடம் கொடுத்த அணி அது.

நீங்கள் எழுதிய ‘மரியாதை’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. உச்சத்தில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்று ஆட்டக்காரரிடம் கேட்பது யாருக்காக? நம் நினைவில் இருக்கும் படம் கலையக்கூடாது என்பதற்காகத்தானே? கோர்டி ஹோவ் என்ற பழைய நட்சத்திரம் 1979-80-ல் ஹார்ட்ஃபோர்டுக்காக 80 ஆட்டங்களும் ஆடினார். அந்த சீசன் முடியும்போது அவருக்கு வயது 52. அதற்காக இன்று அவரை யாரும் குறைவாக நினைக்கிறார்களா?

கடிதத்தில் விட்டுப்போன ஒன்று உண்டு. கல்கரி அவரை அனுப்பியது க்ளாட்னோவுக்கு. செக் நாட்டில் அவர் பிறந்த ஊர் அது. அப்போது அந்த ஊர்க் கிளப்பின் உரிமையாளரும் அவரே. என்ஹெச்எல்லில் 1994, 2004, 2012 என்று ஒவ்வொரு முறை லாக்அவுட் (அணி உரிமையாளர்கள் ஆட்டத்தை நிறுத்திய கதவடைப்பு) வந்தபோதும் அங்கே போய் ஆடியவர். அவருடைய 68 என்ற எண்கூட, 1968-ல் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்ததை மறக்காமல் இருக்கப் போட்டுக்கொண்டது. வேலை போனவன் ஒதுங்கிய இடமாக க்ளாட்னோவைப் பார்க்காதீர்கள். 2019-ல், 47 வயதில், செக் நாட்டின் முதல்நிலை லீக்குக்கு ஏறுவதற்கான போட்டியில் க்ளாட்னோ 4-2 என்று வென்றது. நான்கு கோலும் யாகர் அடித்தது. அணி மேலே ஏறியது. என்ஹெச்எல்லில் 766 கோல் அடித்தவருக்கு அந்த நான்கும் சிறியவையாக இருந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

2024 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணி 68-ஐ வேறு யாருக்கும் தருவதில்லை என்று அரங்கின் கூரையில் ஏற்றியது. பொதுவாக ஓய்வு பெற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. அவர் அப்போதும் க்ளாட்னோவின் ஆட்டக்காரர்.

உங்கள் மகளோடு உட்கார்ந்து அவர் ஆடிய க்ளாட்னோ ஆட்டம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். வேகம் போய்விட்டது, அது தெரியும். ஆனால் பக்கச்சுவர் ஓரம் அவர் முதுகைக் கொடுத்து நிற்கும்போது, அவர் வயதில் பாதிகூட ஆகாத பையன்கள் பக்கை எடுக்க என்ன பாடுபடுகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.