துப்பாக்கி வாங்கலாமா? டர்பனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வேலை விசாவில் டர்பன் வந்து சில மாதம் ஆகிறது, உம்லாங்காவில் வீடு பார்த்தாயிற்று, ஊரிலிருந்து மனைவியும் மகளும் வரப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் ஆளாளுக்கு "முதலில் ஒரு துப்பாக்கி வாங்குங்கள்" என்கிறார்களாம். நானோ இருந்த ஏழில் ஐந்தைத் தள்ளிவிட்டு இப்போது பயிற்சி, பயிற்சி என்று அலைகிறேன் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் ஒன்று. இப்போதைக்கு உங்களால் வாங்கவே முடியாது. தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் வந்தது, 2004 ஜூலையில் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி தகுதிச் சான்றிதழ் வாங்க நீங்கள் இந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். பொதுவாக வேலை விசாவில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் நிரந்தர வசிப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம். "எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், காகிதமில்லாமல் எடுத்துத் தருவார்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால் சிறை, அதோடு விசாவும் போச்சு.

ஆனால் கேள்வியை அதோடு முடித்துவிட மனம் வரவில்லை. காரணம், ஐந்து வருடம் கழித்தும் இதே அறிவுரையைத்தான் சொல்வார்கள். அதற்குள் உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கட்டும்.

நம் ஊரில் இந்தப் பேச்சே கிடையாது. தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதைப் பேப்பரில் படித்ததோடு சரி. அப்படி வந்தவனுக்கு இங்கே தகுதிச் சான்றிதழ் கிடைத்ததும் கடைக்குள் போனால் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. தற்காப்புக்கென்று ஒன்றுதான் தருவார்கள், அதுவும் கைத்துப்பாக்கி அல்லது ஷாட்கன். எப்போதாவது சுடப்போகிறவர் என்ற வகையில் சேர்ந்தால் தற்காப்புத் துப்பாக்கியோடு சேர்த்து மொத்தம் நான்கு. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் சேர்ந்து முழுநேர ஆர்வலர் தகுதி வாங்கிவிட்டால் அந்த எண்ணிக்கைத் தடை இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டினால் போதும். நான் அந்த வழியில் போனவன்.

கடைசியில் என் பெட்டிக்குள் இருந்தவை: ஒரு குளாக் 19 பிஸ்டல், ஒரு சிஇசட் 75 பிஸ்டல், .45 தோட்டா போடும் பழைய 1911 மாடல் பிஸ்டல், .38 ரிவால்வர், பம்ப் ஷாட்கன், புளூம்ஃபோன்டைனில் செய்த மஸ்கிரேவ் .308 ரைபிள், ஒரு சின்ன .22 ரைபிள். ஒவ்வொன்றும் அழகுதான். வருடத்தில் பாதிக்கு மேல் அந்த மஸ்கிரேவ் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மறுபடி உள்ளே வைக்கிற பொருளாக ஆகிவிட்டது. (பொட்டு வைத்தது உண்மை. என் மனைவி சந்தனத்தைத் துடைக்காமல் விட்டதும் உண்மை.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஏழும் ஏழு விதமாக வேலை செய்பவை. குளாக்கில் கட்டைவிரலால் தள்ளுகிற பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை (டிரிக்கரை) அழுத்தினால்தான் உள்ளிருக்கும் தடைகள் விலகும். 1911-ஐ, தோட்டாவை வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியலை இழுத்து, கட்டைவிரல் பூட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். எடுத்ததும் பூட்டைத் தள்ளாவிட்டால் சுடாது. சிஇசட் 75-இல் சுத்தியலைக் கீழே இறக்கி வைத்திருந்தால் முதல் சுடல் நீளமாக, கனமாக இழுக்கும், இரண்டாவதிலிருந்து சட்டென்று போகும். ரிவால்வரிலோ சுத்தியலைக் கையால் இழுத்து வைக்காவிட்டால் எல்லாச் சுடலும் கனம்தான். ஷாட்கனை ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்து நிறுத்தினால் சிக்கிக்கொள்ளும். சனிக்கிழமை ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) நிதானமாக நிற்கும்போது இதெல்லாம் ஒரு சிக்கலே இல்லை. கேட் திறக்கக் காத்திருக்கும் வேளையில் ஒருவன் கார்க் கண்ணாடியைத் தட்டினால், கையிலிருப்பது எது, பூட்டு எந்தப் பக்கம் என்று யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகச் செய்ய வேண்டும். கைக்கு அப்படிப் படிந்துபோக ஒரே துப்பாக்கி, ஒரே உறை, இடுப்பில் ஒரே இடம் இருக்க வேண்டும். வாரம் ஒரு துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுடுகிறவனுக்கு எல்லாமே பாதிதான் வரும்.

எங்கள் சங்கத்தில் நடக்கும் போட்டிகளில் இது பளிச்சென்று தெரியும். ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் விதிப்படி, பட்ட புள்ளிகளை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். சுடக்கூடாத இலக்கு என்று சில அட்டைகளை நடுவில் வைத்திருப்பார்கள்; அதில் பட்டால் பத்துப் புள்ளி போகும். வரிசையாக முன்னால் வருகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் வெளிறிப்போன ஒரே பிஸ்டலைத்தான் வருடக்கணக்காக வைத்திருப்பார்கள். புதுப்புது சாமான் பளபளக்கிறவர்கள் நடுவில் எங்கோ இருப்பார்கள். நானும் நடுவில்தான் இருந்தேன்.

அப்புறம் காகித வேலை. தற்காப்பு உரிமம் ஐந்து வருடம், விளையாட்டு உரிமம் பத்து வருடம். முடிவதற்கு 90 நாள் முன்னதாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அது உரிமமில்லாத துப்பாக்கி. இந்த விதி செல்லாது என்று வேட்டைக்காரர் சங்கம் போட்ட வழக்கில், விதி செல்லும் என்றே 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு ஏழு உரிமம், ஏழு தேதி. நாட்காட்டியில் மகள் பிறந்தநாளைவிட இவைதான் அதிகம் இருந்தன. பெட்டியும் அரசுத் தரச்சான்று பெற்றதாக, சுவரிலோ தரையிலோ பதித்ததாக இருக்க வேண்டும், போலீஸ் வந்து பார்ப்பார்கள். திருட்டுப் போனால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இங்கே வீடு புகுகிறவன் தேடுவது நகைக்கு அடுத்து துப்பாக்கியைத்தான். ஏழு துப்பாக்கி வீட்டில் இருப்பது வெளியே தெரிந்தால் அது பாதுகாப்பு இல்லை, அழைப்பு.

என்னைக் கடைசியில் விற்கும் முடிவுக்குக் கொண்டுவந்தது வேறு. எங்கள் தெருவில் நான்காம் தலைமுறைத் தமிழர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அங்கிள். அவர் போனபின் ஆன்ட்டியின் தலையில் ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கி விழுந்தது. அவருக்கு உரிமம் கிடையாது, தொடவே கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில். வாரிசு உரிமம் எடுக்க வேண்டும், இல்லை விற்க வேண்டும், இல்லை ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டில் அந்த அம்மா படிவங்களோடு அலைந்ததைப் பார்த்த வாரமே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன், இனி இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று.

விற்பதும் சுலபமில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குகிறவருக்கு அந்தத் துப்பாக்கியின் பேரிலேயே புது உரிமம் வரும்வரை கையில் கொடுக்க முடியாது. மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நம் பெட்டியிலோ கடைக்காரர் பொறுப்பிலோ கிடக்கும். சிஇசட்டைச் சங்கத்து நண்பர் எடுத்துக்கொண்டார். மஸ்கிரேவ் மாகாணத்தின் உட்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் போனது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. 1911-உம் ஷாட்கனும் கடை மூலம் போயின, போட்ட பணத்தில் பாதி வந்தாலே பெரிது. .38 ரிவால்வரை யாரும் சீந்தவில்லை. காவல் நிலையத்தில் அழிப்பதற்குக் கொடுத்து ரசீது வாங்கினேன். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படி ஏதாவது கொடுத்தால் வைத்திருங்கள்.

மிச்சம் இருப்பது குளாக்கும் .22-உம். குளாக் இடுப்புக்கு. .22 தோட்டா மலிவு, உதை இல்லை; விசையை அசையாமல் அழுத்தக் கற்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வந்த பணம் 9 மி.மீ. தோட்டாவாகவும் பயிற்றுநர் கட்டணமாகவும் போனது. ஒரு பங்கு முதலுதவி வகுப்புக்கு. ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு இப்போது காரில் எப்போதும் இருக்கும். என்2 நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிற எனக்குத் துப்பாக்கியைவிட அது பயன்படத்தான் அதிக வாய்ப்பு.

பயிற்சி என்றால் தோட்டாவைக் கொட்டித் தீர்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி வீட்டில் நடக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, செங்கல் சுவரைப் பார்த்து நிற்பேன். சட்டையைத் தூக்கு, பிடி, எடு, குறி, விசை. மெதுவாக. முனையில் இருக்கும் குறிமுள் ஆடாமல் விசை விழ வேண்டும், அவ்வளவுதான். கால்மணி நேரத்துக்கு மேல் செய்தால் கவனம் போய்விடும். ரேஞ்சுக்குப் போனால் ஏழு மீட்டரில் தொடங்குவேன்; உடம்பு சூடாகுமுன் சுடும் முதல் சில தோட்டாக்கள் எங்கே போகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம், நிஜத்தில் ஒத்திகை கிடைக்காது. வெடிக்காத போலித் தோட்டாவை நடுவில் கலந்து போட்டு, சிக்கினால் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) அடித்து, ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பாகத்தை) இழுத்துச் சரிசெய்வது. இடது கையால் மட்டும் சுடுவது. வலது கையில் பிள்ளை இருக்கலாம் அல்லவா?

சுடாமல் இருக்கவும் பயிற்சி வேண்டும். 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் இந்த குவாசுலு-நடால் மாகாணம் எரிந்தது உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். போலீஸ் வரவில்லை, கடைகள் சாம்பல், ரொட்டிக்கு வரிசை. தெருத் தெருவாக ஆண்கள் தடுப்புப் போட்டு நின்றோம். பயம் நியாயமானது. ஆனால் டர்பனை ஒட்டி நம்மவர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர், கொலை வழக்குகள் நடந்தன. எங்கள் தெருத் தடுப்பிலேயே, தகுதிச் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பிறகு ஒரு தோட்டாகூடச் சுடாத ஒருவர் வருகிற ஒவ்வொரு காரையும் நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தார், விசையில் விரல் வைத்தபடி. உள்ளே இருந்தவர்கள் பக்கத்துத் தெரு நர்ஸ்கள். அதைக் கீழே வைக்கச் சொன்னது எங்களில் நிறையத் துப்பாக்கி வைத்திருந்தவர் இல்லை, வாரா வாரம் பயிற்சிக்குப் போகிற ஒரு பள்ளி ஆசிரியை.

சட்டமும் அதைத்தான் கேட்கும். தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது அந்த நொடியில் நடக்கவிருக்க வேண்டும். டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் நீங்கள்தான் கூண்டில். காரணமில்லாமல் ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதே தனிக் குற்றம். குடித்துவிட்டுத் தொடுவதும் குற்றம். இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பைச் சுற்றி பீரும் கையுமாகத் துப்பாக்கியைக் காட்டுகிற கூட்டத்தை விட்டு நாசூக்காக எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? வீட்டுக்கு அலாரமும், பொத்தானை அழுத்தினால் ஆயுதக் காவலர் வருகிற சேவையும் எடுங்கள். கேட் முழுதாகத் திறக்கும்வரை தெருவிலேயே நின்று கண்ணாடிகளைப் பாருங்கள், நின்ற காரில் போனை நோண்டாதீர்கள். மிளகு ஸ்ப்ரே இங்கே சட்டப்படி வாங்கலாம், மனைவிக்கும் ஒன்று. இதெல்லாம் பழகிய பிறகு, நிரந்தர வசிப்புரிமை வரும்போது, துப்பாக்கி வேண்டுமா என்று இருவருமாக உட்கார்ந்து யோசியுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்த எத்தனையோ குடும்பங்கள் இங்கே நிம்மதியாகத்தான் இருக்கின்றன. வேண்டும் என்றால் ஒரே ஒன்று, சாதாரண 9 மி.மீ. போதும். சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வீட்டில் வைக்கலாம். அதை வாங்குவதும் ரேஞ்சில் தீர்ப்பதுமாக இருங்கள்.

கற்றுக்கொள்ள அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால் அவருடைய துப்பாக்கியை மற்றவர் பாதுகாப்பாகச் சுட்டுப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. குடும்பம் வந்து செட்டில் ஆனதும் ஒரு சனிக்கிழமை வாருங்கள், தங்கச்சியும் வரலாம். .22-இல் தொடங்குவோம். காதுக்கும் கண்ணுக்கும் போடுவது என்னிடம் இருக்கிறது. மூடிய ஷூ போட்டு வாருங்கள், கழுத்து இறங்கிய சட்டை வேண்டாம். சுட்ட தோட்டாக் கூடு கொதிக்கக் கொதிக்க வந்து சட்டைக்குள் விழும், அப்போது ஆடுகிற ஆட்டத்தில் துப்பாக்கி முனை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.